பதினொரு வரி

அம்பகாமத்தில் எனக்குத் தந்த ஒழுங்கை
ஒன்றேகால் மீற்றர் அகலம்.
காலை எட்டரைக்குக் கருவி கத்தியது.
முழந்தாளில் நின்று சுரண்டினேன்.
ஆணி. துருப்பிடித்த கூரை ஆணி.
அதற்கு ஒரு சாண் தள்ளி,
கருவி அறியாமலே கிடந்தது இது.

கத்தாத பொருளுக்கு
எங்கள் படிவத்தில் நிரல் இல்லை.

புளியங்கொட்டை அளவு.
தேன், பால், மறுபடி தேன், பிறகு
மயிர் தடிப்பில் ஒரு வெள்ளை.
பதினொரு வரி எண்ணினேன்,
பிரதாயினி எண்ணினால் பதின்மூன்று.

"போத்தில் ஓடு" என்றார் ரெஜிகுமார்.
தேநீர்க் கொட்டிலில் வைத்து
குத்தூசியால் கீறினேன். சாம்பல் கோடொன்று விழுந்தது.
ஐயோ, காயம் என்று எச்சில் தொட்டுத் துடைத்தேன்,
போய்விட்டது.
தேய்ந்தது என் இரும்பு.
போத்தில் துண்டில் இழுத்தேன்,
போத்தில்தான் கீறுப்பட்டது.
சோற்றுப் பார்சலில் இருந்த தேசிக்காயைப் பிழிந்தோம்.
நுரைக்கவில்லை, சங்குமில்லை.
வெயிலுக்குப் பிடித்தால்
வெளிச்சம் விளிம்பால் நுழைந்து
பாதி வழியில் இருந்துவிட்டது.
சாயம் என்றால் வெடிப்பில் தேங்குமாம்.
இதில் தேங்கவில்லை.

மண்ணியலைப் பாதியில் விட்டவள் பிரதாயினி.
பிளேன்ரீயை ஊதி ஊதிச் சொன்னாள்:
"எரிமலைக் குழம்பு ஆறேக்க
உள்ளே மாட்டின காத்துக் குமிழ், வெறும் ஓட்டை.
தண்ணி கசிஞ்சு வந்து
சுவரிலை ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போகும்.
பிறகும் வரும்.
வெளியிலையிருந்து உள்ளுக்குத்தான் வளரும்,
மரத்துக்கு மறுவளம்.
வருசம் எண்டு எண்ணிப்போடாதை,
ஒரு வரிக்கு எவ்வளவு காலம் எண்டு
ஆருக்கும் தெரியாது."

"அப்ப வன்னியிலை எரிமலை?"

"இல்லை."

அதன் பிறகுதான் துளையைக் கண்டோம், மண் அடைத்திருந்தது.
ஈர்க்கால் குத்தி எடுத்தேன்.
ஒரு முனையிலிருந்து பாதி,
மறு முனையிலிருந்து பாதி துளைத்திருக்கிறார்கள்.
நடுவில் ஒரு நூல் பிசகிச் சந்தித்திருக்கிறது.
ஈர்க்கு அந்த இடத்தில் தடக்கி,
சற்று வளைந்து, போனது.

எந்தக் கரையில் துளைத்ததோ,
எந்தக் கழுத்தில் வந்து
இந்தச் செம்மண்ணில் அறுந்ததோ.

பொலித்தீன் பையில் போட்டு
'மற்றவை' என்ற இடத்தில்
'கல் 1' என்று எழுதினார் ரெஜிகுமார்.
புதன்கிழமை திணைக்களத்து ஆள்
கையெழுத்து வைத்துக் கொண்டுபோனார்.

அன்றைக்கு நான் துப்புரவாக்கியது
மூன்று சதுர மீற்றர்.
நேற்று இரண்டேமுக்கால்.
கருவி பேசாத இடத்திலும் இப்போது
கொஞ்சம் ஆறுதலாகச் சுரண்டுகிறேன்.
சிவப்புத் தடிக்கு அப்பால் நின்று
ரெஜிகுமார் மணி பார்க்கிறார்.