பிறிண்டரைத் தவிர

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
கடலுக்குப் பக்கம் என்பதால்
எங்கள் வீட்டில் எல்லாம் துருப்பிடிக்கும்:
யன்னல் கொளுக்கி, மின்விசிறிக் கூடு,
பதினொரு வயதுக் கொம்பியூட்டரின் முதுகு.

புது விண்டோஸ் என்ன விலை என்று
பம்பலப்பிட்டி இம்தாத் கல்குலேட்டரில் தட்டிக் காட்டினான்.
மகளின் மூன்று மாத டியூஷன் காசு.
"முந்தி மாதிரி ஒரு சீடி போட்டுத் தாவன்" என்றேன்.
"அது களவு அக்கா. லினக்ஸ் போடட்டா? காசில்லை."
காசில்லாத சாமானில் எனக்கு நம்பிக்கை இல்லை.
இந்த நகரத்தில் சும்மா வருவது
உப்புக் காற்றும் தேர்தல் நோட்டீசும்தான்.
ஆனாலும் தலையாட்டினேன்.

முதல் கிழமை
பிறத்தியார் குசினியில் சமைப்பதுபோல் இருந்தது.
உப்புப் போத்தல் எங்கே?
இருந்தது. வேறு தட்டில்.

என் பிழைப்பு தட்டச்சு.
மரண அறிவித்தல், நினைவு மலர்,
இடையிடையே ஒரு கலியாண அட்டை.
வருகிறவர்கள் இன்னும் பாமினியில்தான் அனுப்புகிறார்கள்.
அன்று வந்த கோப்பைத் திறந்தேன்.
நடுவில், பெரிய எழுத்தில்,
பல் விழுந்த ஆங்கிலம்போல
mk;kh என்று நின்றது.
எழுத்துரு இல்லை, வேறொன்றுமில்லை.
போனில் இம்தாத் சொல்லச் சொல்ல
ஒரு கோப்புறைக்குள் அதைப் போட்டு
மூடித் திறந்தேன்.
அம்மா
என்று எழும்பி உட்கார்ந்தது சொல்.
காலமானவர்தான்.
என்றாலும் எனக்கு ஒருக்கால் மூச்சு வந்தது.

கோகுலரமணனுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.
அவருக்குக் கொம்பியூட்டர் என்றால்
பேப்பர், கிரிக்கெட் ஸ்கோர்,
டொரொண்டோவில் இருக்கும் தமையனின் நெற்றி.
மாதம் ஒன்று போன பிறகு கேட்டார்:
"ஏதோ மாத்தப் போறன் எண்டு சொன்னீர், எப்ப?"

மகள் மிதுஷா வேறு.
வகுப்பே விளையாடும் விளையாட்டு
இதில் ஏறாது.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
சாதாரண ஆட்களுக்கு இது சரிவருமா என்று கேட்பவர்கள்
பதினான்கு வயதின் கோபத்தையும்
கணக்கில் சேர்க்கவேண்டும்.
நான் சேர்த்திருக்கிறேன்.

பிறகு பிறிண்டர்.
ஐயோ, பிறிண்டர்.
பெயரைக் கேட்டால் சொல்லும்,
தயார் என்று பச்சை விளக்குக் காட்டும்,
தாளை மரியாதையாக உள்ளே இழுத்து
வெள்ளையாகவே திருப்பித் தரும்.

ஆகவே பென்டிரைவும் குடையுமாய்
சந்திக் கொமியூனிகேஷனுக்கு நடக்கிறேன்.
அந்தக் கடைக் கொம்பியூட்டருக்கு
எந்நாளும் ஏதாவதொரு காய்ச்சல்.
வீட்டில் வந்து செருகினால்
நான் கூப்பிடாத கோப்பொன்று வாசலில் நிற்கும்,
பாஷை தெரியாத ஒழுங்கைக்குள் இறங்கிய கள்ளன்போல,
ஒரு பூட்டும் திறக்கத் தெரியாமல்.
முந்தியென்றால் இம்தாத்துக்கு மூவாயிரம்.
இப்போது அழித்துவிட்டுத் தேத்தண்ணி போடுகிறேன்.

போன மாதம் ஒரு இரவு
கரண்ட் போய்ப் பத்தரைக்குத்தான் வந்தது.
பதினொன்றுக்குக் கதவில் தட்டல்.
கீழ்மாடி சந்திரகாந்தி மிஸ், ஹவுஸ்கோட்டோடு.
மகனின் விண்ணப்பம் பன்னிரண்டு மணிக்குள் போகவேண்டும்,
அவளுடைய கொம்பியூட்டரோ
முப்பத்தைந்து சதவீதத்தில் நின்றுகொண்டு
என்னை அணைக்காதே என்கிறதாம்.

என் கதிரையில் இருத்தினேன்.
சிங்களத்தில் தட்டினாள், சிங்களம் வந்தது.
படம் ஏற்றினாள், ஏறியது.
பதினொன்று நாற்பத்தெட்டுக்கு
ஏற்றுக்கொண்டோம் என்று திரை சொன்னது.

பெருமூச்சு விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.
"இது எந்த விண்டோஸ்?"
"விண்டோஸ் இல்லை, மிஸ்."
"அப்ப, நல்லதா?"

மறுமொழியை நான் கோர்த்துக்கொண்டிருக்க
அவளே அடுத்ததையும் கேட்டாள்:
"ஒரு கொப்பி பிறிண்ட் எடுப்பமா?"

நான் யன்னலைப் பார்த்தேன்.
கொமியூனிகேஷன்
காலை எட்டுக்குத்தான் திறக்கும்.