ஒத்திகை

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு
வேலைக்குப் போய்ப் பார்த்தோம்.

ஆறு நாற்பது. ஜூலை இருட்டு.
பேர்விக்கில், எங்களுடையதல்லாத ஒரு வீட்டின் முன்
எஞ்சினை அணைக்காமல் நின்றோம்.
புல்வெளியில் முகவரின் பலகை,
சிரிக்கும் அவர் பற்களில் பனி.
"இப்ப கதவைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடுறம் எண்டு வை"
என்றார் தயாபரன், கைபேசியில் நேரத்தை ஓடவிட்டபடி.
இல்லாத சாவியை நான் இரண்டு தரம் திருகினேன்.
ஒரு தரத்தில் எனக்கு எப்போதும் நம்பிக்கை வராது.

பின்னிருக்கையில் ஆரணி
இரவு உடுப்போடும் போர்வையோடும்.
மடியில் ஒன்றுமில்லாத புத்தகப்பை.
பையும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார் இவர்.

ஐந்து சுற்றுவட்டங்கள். மூன்றாவதில் குப்பை லாரி
ஒவ்வொரு தொட்டியாய்த் தூக்கி, அண்ணாந்து குடித்து,
ஆறுதலாய்க் கீழே வைத்தது.
நாலு நிமிடம் போயிற்று.
ரயிலடியில் கார் விட இடமில்லை.
இறங்கி ஓடினார். நாற்பத்தாறு வயது ஓட்டம்,
ஒரு கை தோள்பையில், மற்றது வயிற்றில்.

நகரத்திலிருந்து செய்தி வந்தது:
எழுபத்தொரு நிமிடம். முழுக்க நின்றபடி.
முகவர் சொன்னது ஐம்பது.
அவருடைய ஐம்பதில் லாரியும் இல்லை, வயிறும் இல்லை.

நானும் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.
அதன் மதிப்பெண் எனக்கு மனப்பாடம்,
என் இரத்த அழுத்தத்தை விட.
வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு
அந்தத் தெருவின் நடுவால் போகிறது.
இரட்டை இலக்க வீடுகள் உள்ளே,
ஒற்றை இலக்கம் வெளியே.
பதினான்குக்கும் பதினேழுக்கும் ஒரே கூரை, ஒரே எலுமிச்சை,
விலையில் மட்டும் தொண்ணூறாயிரம் டொலர் இடைவெளி.
பதினான்காம் வீட்டுப் பூனை
பதினேழில்தான் சாப்பிடுகிறது, பார்த்தேன்.

கோடுகளை நான் அறியாதவள் இல்லை.
முகவரிக்குச் சான்று என்று யாராவது கேட்டால்
இன்றைக்கும் உள்ளங்கை நனையும்.
இங்கே கேட்பது மின்சார பில் மட்டும்தான்.
அதை நான் எனக்கே
காரில் இருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டுப்பட்டார்கள்.
ஒருத்தன் ஒரு காலுறையோடு,
ஒருத்தி யாரோடோ கோபித்துக்கொண்டு.
வேலிக்கு வெளியே நின்று ஆரணி கேட்டாள்:
"அம்மா, எனக்குப் பக்கத்தில ஆர் இருப்பினம்?"

தயாபரனின் அட்டவணையில் பதினொரு நிரல்கள்.
வட்டி, வடிகால், வாய்ப்பாட்டுத் தேர்ச்சி வரைக்கும் உண்டு.
இரவு அவளுடைய கேள்வியைப்
பன்னிரண்டாவதாய்ப் போட்டுவிட்டு
வெகுநேரம் கட்டங்களைப் பார்த்திருந்தார்.
ஒன்றும் எழுதவில்லை. அழிக்கவுமில்லை.

சனிக்கிழமை ஏலம்.
தூறலில் குடை பிடித்தபடி முப்பது பேர்,
பாதிப்பேர் வேடிக்கைக்கு.
எங்கள் எல்லைத் தொகையை
உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன்.
அது மூன்றாவது நிமிடத்திலேயே பின்னால் போயிற்று.
அதற்கு மேலும் ஒருமுறை இவர் கை எழுந்தது.
நான் பிடித்து இறக்கினேன்.

சுத்தியல் விழுந்தது ஓர் இளம் சோடிக்கு.
அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்,
அழுகையா பயமா தெரியவில்லை.
கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.
இவரைக் காணோம்.

திரும்பினால், அவர்களிடம் போய் நிற்கிறார்,
குடையை அவர்கள் பக்கம் சாய்த்து,
முதுகு நனைய,
தன் ஆங்கிலத்தில், விரல்களை மடக்கி மடக்கி:
செவ்வாயில் குப்பை லாரி வரும்.
மூன்றாவது சுற்றுவட்டம், கவனம்.
நாலு நிமிடம் முந்தி வெளிக்கிடுங்கள்.