தண்ணீருக்குக் கழிவு

ஒரு நூலை எப்படிக் கணினிக்குள் வைப்பது?
வெட்டித்தான்.
ஐந்து மில்லிமீற்றருக்கு ஒரு மணி,
மணிக்கும் மணிக்கும் நடுவே ஒரு சுருள்வில்.
முந்நூற்றெண்பது மணிகள் சேர்ந்தால்
தறியின் அகலம்.
கோக்க நூலில்லை என்பது
முதல் நாள் எனக்குச் சிரிப்பாயிருந்தது.

பிறகு காற்று.
பாவு வாய் திறந்திருக்கும் நேரத்துக்குள்
ஊடை பாய்ந்து அக்கரை சேர வேண்டும்,
ஐம்பத்தைந்து மில்லிசெக்கனில்.
இமைக்கிற பொழுதில் இரண்டு ஊடை விழுந்துவிடும்.
அதில் ஒன்றை நான் பார்ப்பதற்கு
வட்டவளையின் ஓர் இரவு முழுக்க
மடிகணினி மூச்சு வாங்குகிறது.
கரண்ட் போனால் மறுபடி முதல் மணியிலிருந்து.

கினிகத்தேனை மில்லில்
ஒன்பதாம் தறிக்கு மேலே
விபுல கட்டிவைத்த கமெரா சொன்னது
ஐம்பத்தெட்டு.

மூணுதானே என்றான் தம்பி, பாணைப் பிய்த்தபடி.
மூன்று பிந்தினால் பாவு வாயை மூடிவிடும்.
தறி நிற்கும், சிவப்பு விளக்கு எரியும்,
இரவு ஷிப்ட் யோகமலரின் பெயருக்கு நேரே
ஒரு நிறுத்தம் ஏறும்.
மாசக் கடைசியில் அவளுடைய ஊக்கத்தொகை
அந்த நிறுத்தங்களுக்குள்ளே எங்கோ போய்விடும்.

உராய்வைக் கூட்டினேன்.
அமுக்கத்தைக் குறைத்தேன்.
சுருள்வில்லை இளக்கி, மறுபடி இறுக்கி,
பதினோரு இரவு.
இரண்டு வளைகோடும் சேர்வதுபோல் வந்து
பாதி வழியில்
முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிந்தன.

பன்னிரண்டாம் நாள் அந்தியில்
சுவருக்கு அந்தப் பக்கம் புஷ்பலீலா
யாரிடமோ, அல்லது சுவரிடமே, கத்துகிறாள்:
"பதினெட்டுக் கிலோ எடுத்தேன்.
ஈரத்துக்குன்னு மூணு கழிச்சிட்டான்.
மழைய நானா பேய வச்சேன்?"

என் விரல் அந்தரத்தில் நின்றது.

நான் நூலைக் காயவைத்து ஓட்டியிருக்கிறேன்.
கையேட்டுப் பருத்தி அது,
கையேடு எழுதிய ஊரின் காற்றில் உலர்ந்தது.
இங்கே மில்லின் குளிரூட்டி ஆடியிலிருந்து பழுது.
யன்னல்கள் திறந்தே கிடக்கின்றன.
முகில்
கேற்றில் பெயர் எழுதாமல் உள்ளே வந்து
நூற்கூம்புகளின் மேல் குந்துகிறது.
நூல் குடிக்கிறது,
கனக்கிறது,
பிந்துகிறது.

ஒவ்வொரு மணியிலும் மழையின் பங்கைச் சேர்த்தேன்.
தூசியைவிடச் சின்ன நிறை,
முந்நூற்றெண்பது தடவை.

விடிய நாலரைக்கு
கோட்டின்மேல் கோடு படுத்தது.
நுனி மட்டும், கடைசி ஒரு சாணில்,
மில்லில் பாம்புத்தலைபோல் ஒருமுறை தூக்குகிறது;
என்னுடையது தூக்கவில்லை.
ஏனென்று தெரியவில்லை.
தெரியவில்லை என்றே அறிக்கையில் எழுதினேன்.

பீலிக்கரையில் அவளிடம் சொன்னேன்:
நீ போட்ட சத்தத்துலதான் என் கணக்கு சரியாச்சு,
நூலோட தண்ணி நெறையையும் சேத்துட்டேன்.

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஓ. மெசினுக்குன்னா தண்ணிய கூட்டுவீங்க.
எனக்குன்னா கழிப்பீங்க."

நீங்க என்றாள். நேற்றுவரை நீ.

வாளி நிரம்பி வழிந்தது.
பிரட்டுக்கு நேரமாச்சென்று தூக்கிக்கொண்டு
வழுக்கும் படிகளில் ஏறினாள்,
ஒரு கை வாளியில்,
மறு கை வெறும் காற்றில் நீண்டு
அந்த நிறையைச் சமன்செய்தபடி.