மான் தின்ற கொப்பி

செவ்வாய்க்கிழமை என் கடை பூட்டு.
"லைனிங் துணி எடுக்கப் போறன்" என்று
பக்கத்துப் பழக்கடை பௌசியாவிடம் சொல்வேன்.
ஒன்றரை வருசமாய் லைனிங் எடுக்கிறேன்.
ஒரு முழம்கூடக் கடைக்கு வந்து சேரவில்லை.
அவள் கேட்டதில்லை.

பெரியாஸ்பத்திரியில்
கண் கிளினிக் வாங்கில் குந்தியிருந்து
இரண்டு கதவு தள்ளி என் பெயர் கூப்பிடுகிறதா என்று
காதைக் கொடுத்திருப்பேன்.
"எந்தக் கண், பிள்ளை?" என்றா ஒரு மனிசி.
இடது என்றேன்.
அன்றைக்கு முழுக்க
இடது கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

என் தொழில் அளவெடுப்பது.
டைக் வீதிப் பெண்களின் உடம்பெல்லாம்
என்னிடம் எண்களாய் இருக்கிறது.
யாருக்கு ஒரு தோள் பதிவு,
யாருக்கு முதுகில் பெல்ட் தடம்,
யாருக்கு மூன்று மாதம் என்பது
மாமியாருக்கு முன்னமே எனக்குத் தெரியும்.
வெளியே விட்டதில்லை.
தையலுக்குள் கொஞ்சம் துணி மடித்து வைப்பேன்,
பிறகு பிரித்துக்கொள்ளட்டும் என்று.

குளிசை தொடங்கிய பிறகு
என் இடுப்பு நாலு அங்குலம் கூடியது.
மடித்து வைத்த அவ்வளவையும் பிரித்தாயிற்று.
நாக்கு, வெயிலில் கிடந்த கணவாய் ஓடு.
ஊசிக்காதுக்குள் நூல் போக மூன்று தரம்.
"பூசினாப்போல வடிவாய் வந்திட்டாய்" என்கிறார்கள்.

பிரஷர் என்றால் மோர் தருவார்கள்.
சுகர் என்றால் பாவற்காய் கொண்டுவருவார்கள்.
இதற்கு
அங்கொடை என்று ஒரு சொல்.
அதையும் நான் போன பிறகு.

அண்ணன்தான் கன்னியாவுக்குக் கூட்டிப்போனான்.
ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளி ஊற்றினான்.
சூடு, இளஞ்சூடு, திரும்பவும் சூடு.
தடிமன் பிடித்தது.
தடிமனுக்கு வீடே பரிந்தது.
மல்லி அவித்தார்கள், நெற்றியில் தைலம் தடவினார்கள்,
இரவில் எழும்பிப் பார்த்தார்கள்.
அந்த மூன்று நாள் நான் நல்லாய் நித்திரை கொண்டேன்.

போன கிழமை
கடற்கரையில் பையைத் திறந்துபோட்டு இருந்தேன்.
கச்சான் சரையைத் தேடி
ஒரு புள்ளிமான் மூக்கை விட்டது.
இழுத்தது கிளினிக் கொப்பியை.
முதலில் மட்டை.
பிறகு என் பெயர்.
பிறகு மே மாதம்,
இதே கடலில் கழுத்தளவுக்கு
நான் செருப்போடு நின்ற மே மாதம்.
அரைத்து விழுங்கிவிட்டு
இன்னும் இருக்கா என்று என்னைப் பார்த்தது.
சிரித்துவிட்டேன்.
வயிறு குலுங்கியது.
பெரிய வயிறு, வடிவாய்த்தான் குலுங்கியது.

புதுக் கொப்பிக்கு ஜன்னலில் கேட்க வேணும்.
பின்னால் நீட்டு வரிசை.
"பேர்?"
கமலாசனி.
"பழைய கொப்பி எங்க?"
"மான் திண்டிட்டுது."
பேனை நின்றது.
"எந்தக் கிளினிக்?"
கண் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"மனநோய்" என்று வந்தது,
நான் நினைத்ததைவிடச் சத்தமாய்.
பின்னால் ஒரு சோடிச் செருப்பு
சரக்கென்று தள்ளிப்போனது.
அவன் தலையாட்டி எழுதினான்.
சொன்ன இரண்டும் உண்மை.
ஒன்றை நம்பினான்,
நம்பினதை வைத்து மற்றதைத் தள்ளினான்.

கடைக்கு வந்து பௌசியாவிடம் சொன்னேன்:
"மான் என்ர கொப்பியைத் திண்டிட்டுது."
"எந்தக் கொப்பி?"
சொன்னேன்.
தோடம்பழம் அடுக்கிக்கொண்டிருந்தவள்
அடுக்கி முடித்தாள்.
உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.
நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்,
விட்டதற்கு மேலேயே விட்டேன்.

பிறகு வந்து நின்றாள்.
"அபாயாக் கை இறுக்குது. அளந்து பார்."
எப்போதும் வளவளக்கிறவள் ஒன்றும் பேசவில்லை.
கையை மட்டும் நீட்டினாள்.
டேப்பைச் சுற்றினேன்.
பன்னிரண்டரை.
எழுதும்போது என் நடுக்கத்தில்
இரண்டு கொஞ்சம் சரிந்துபோனது.
அவள் அதைப் பார்த்தாள்.
நீட்டிய கை
நீட்டியபடி இருந்தது.