ரோஸ் பெல் ஒண்ணு

ஆறு நாள் க்யூர்பீப் – போர்ட் லூயி ஓட்டுகிறேன்.
ஏழாம் நாள் ஓய்வில்
வேறு யாரோ ஓட்டும் பஸ்ஸில் ஏறப்
பணம் கட்டியிருக்கிறேன்.
வீட்டில் சிரித்தார்கள்:
சமையல்காரன் பந்தியில் உட்கார்ந்தால்
உப்பைத்தான் முதலில் பார்ப்பானாம்.

க்யூர்பீப்பில் வழக்கமான மழை,
குடைக்கு அடங்காத பொடி மழை.
ஒன்பது பஸ்கள் வரிசையாக,
மூக்கு நீண்டதும், மூக்கே இல்லாததும்.
கழுத்தில் காமிரா தொங்க
ஆண்கள், பெரும்பாலும் ஆண்கள்,
ஒரே ஒரு போல்ட்டைச் சுற்றி நின்று வாதாடினார்கள்:
அறுபத்திரண்டா, அறுபத்து நான்கா?
போல்ட் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஏறியது சிவப்பு பெட்ஃபோர்டில்.
பல் டாக்டர் கிஸ்னா குமரப்பென் வாங்கியபோது
அது ஒரு கோழிக்கூண்டு.
பின் சீட்டுக்கு அடியில் கூட்டினால்
இன்றைக்கும் ஓர் இறகாவது வருமாம்.

அவர் பக்கத்திலேயே எஞ்சின்,
அதன்மேல் நாலாய் மடித்த கோணி.
கிளட்சை ஒருமுறை மிதித்து
நடுவில் மூச்சு விட்டு
மறுபடி மிதித்து
கியரைப் பல் பிடுங்குவதுபோல் இழுத்தார்.
என் பஸ்ஸில் இதையெல்லாம்
என்னைக் கேட்காமல் ஒரு பெட்டி செய்கிறது.

நூவெல் ஃப்ரான்ஸ் தாண்டி இறக்கத்தில்
என் வலது கால்
பலகைத் தரையில் இல்லாத பிரேக்கை அமுக்கியது.
இரண்டு முறை.
மூன்றாவது முறை
பக்கத்து சீட் லீ கிம் கவனித்துத்
தன் காலை ஒதுக்கிக்கொண்டார்.

கரும்புக்கு நடுவே ஒரு நிறுத்தம்.
ஒரு பெண் கை நீட்டுகிறாள்.
டாக்டர் அவளுக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்!
"நிறுத்துங்க" என்று கத்தினேன்,
என் குரல்தான் அது என்று பிறகே தெரிந்தது.

நாற்பது தப்படி தள்ளி நின்ற பஸ்ஸுக்குத்
திட்டிக்கொண்டே வந்தாள்.
தாழையோலைக் கூடை, தூக்குவாளி,
ஈரம் சொட்டும் மஞ்சள் மழைக்கோட்டு.
"ஒரு மணி நேரமா நிக்கிறேன்" என்றாள்.
பஸ்ஸின் வயதை அவள் பார்க்கவில்லை.
"ரோஸ் பெல் ஒண்ணு. ஆஸ்பத்திரி வாசல்."

பழைய தொப்பி போட்டு
கண்டக்டர் வேஷத்தில் இருந்த ஜான்-நோயெல்
பதினைந்து சதம் என்று அச்சடித்த
ரோஸ் நிறச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.
அவள் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி
மீதி கேட்டாள்.
அத்தனை பேரிடமும் அந்த மீதி இல்லை.
பணமே வேண்டாம் என்றான்.
"அப்போ செக்கிங் வந்தா?"

பஸ் முழுக்கச் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
நானும்.
செக்கிங் வரும்; எனக்குத் தெரியும்.
சீட்டை நான்காய் மடித்து
வளையலுக்குள் செருகிக்கொண்டாள்.
தூக்குவாளியை மடியில் இறுக்கியதும்
மூடியின் ஓரத்தில் ரசம் வாசனை கசிந்தது.

எங்கள் பாதை மாயேபூருக்கு நேரே.
டாக்டர் யாரையும் கேட்காமல் திரும்பினார்.
காலையிலிருந்து அந்த மணிக்கயிற்றை
எத்தனையோ பேர் ஆசைக்கு இழுத்தாயிற்று.
அவள் இழுத்தது இறங்க.

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.
நாங்கள்தான் திரும்பிப் பார்த்தோம்:
இதுதான் வழி என்று நம்பி
மற்ற எட்டு பஸ்களும் பின்னாலேயே வந்து
ஆஸ்பத்திரி வாசலை அடைத்து நின்றன.
காவலாளி விசிலை வாயில் வைத்து
ஊத மறந்திருந்தார்.

இறங்கினேன்.
ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கவைத்தேன்.
வரட்டும், வரட்டும், ஒடி, இன்னும் ஒடி,
நில்.
என் பஸ் பின்னால் போகையில்
ஒரு பெட்டி கீச்சிடும்; அவ்வளவுதான்.
இங்கே தகரத்தைத் தட்ட வேண்டியிருந்தது,
ஒரு தட்டுக்கு நில், இரண்டு தட்டுக்குப் போ.

கடைசியாக பெட்ஃபோர்டை இரண்டு தட்டு தட்டி
ஓடும் படியில் தொற்றிக்கொண்டேன்.
உள்ளங்கையெல்லாம் சிவப்பு.
டாக்டர் அதற்குப் பெயிண்ட் அடித்தது
நேற்று ராத்திரி.