பகுதியில் இருப்பவர்கள்

சோஹாரில் ஜூலை. இரண்டாம் மாடி.
ஏசிக்குப் பயந்து சால்வை போர்த்தி
வகுத்துக்கொண்டிருக்கிறேன்:
மேலே தொகுதி, ஓராண்டில் பதிவான பிறப்புகள்;
கீழே பகுதி, பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வரை
கணக்கெடுத்த இரவில் இந்த ஊரில் தங்கிய பெண்கள்.

கடற்கரை வட்டாரம் எளிது.
ஆஸ்பத்திரிப் பதிவும் குடிக்கணக்கும்
ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டுகின்றன.
துறைமுகத்துக்குப் பின்னால் முகாமில்
எட்டாயிரம் ஆண்கள்; பகுதி பூஜ்ஜியம்.
இதனால் வகுக்க மாட்டேன் என்கிறது கணினி.
அதற்காவது தெரிந்திருக்கிறது.

நம்மவர்கள் குடியிருக்கும் தெருவில் வேறு குழப்பம்.
ஏழாம் மாதம் திருச்சி விமானம் ஏறிவிடுகிறார்கள்.
வளைகாப்பு அங்கே, பிரசவம் அங்கே, பதிவும் அங்கே.
ஐந்து மாதக் கைக்குழந்தையாய்த் திரும்புவது
எங்கள் பதிவேட்டில் பிறக்கவே இல்லை,
குடிக்கணக்கில் மட்டும் குப்புற விழுகிறது.

பிறகு பதினாறாம் வட்டாரம்.
பெரிய வீடுகள், பேரீச்சை நிழல் விழும் மதில்கள்.
வீட்டுப் பணிப்பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
பிறப்பு ஒன்றும் இல்லை.
"அவர்களைப் பகுதியிலிருந்து எடுத்துவிடு,
விகிதம் ஒழுங்காகிவிடும்" என்றார் சலீம்.
எடுத்தேன். ஒழுங்கானது.
திரும்பப் போட்டேன்.

ஒரு வரிசை. பெயரை நீக்கித்தான் தருவார்கள்.
வயது முப்பத்தொன்று.
இதுவரை பெற்ற பிள்ளைகள்: மூன்று.
உடன் இருப்பவர்கள்: பூஜ்ஜியம்.
வேறிடத்தில் இருப்பவர்கள்: காலி.
பெற்றதில் இருப்பதைக் கழித்து
மீதியை இறந்தவர் பத்தியில் சேர்த்திருக்கிறது
நானே எழுதிய நிரல்.
கீழே இறங்கினேன். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.
ஒரே இரவில் நானூற்றொன்பது பிள்ளைகள்.

கணக்கெடுத்த கல்ஃபானை அழைத்தேன்.
"வாசலில் வீட்டுக்காரம்மா பதில் சொன்னார்.
மூன்று பெற்றவள் என்று அவருக்குத் தெரியும்.
எங்கே என்று தெரியவில்லை.
கூப்பிட்டுக் கேட்கலாமா என்றேன்,
உள்ளே குக்கர் விசில் அடித்தது."

உயிரோடிருக்கிறார்கள் என்று எழுத
எனக்கு அதிகாரமில்லை.
தெரியாது என்று எழுதலாம். அதற்கான எண் ஒன்பது.
ஒரே கட்டளையில் முடிகிற வேலைதான்.
நூற்று எழுபது கட்டங்களிலும்
ஒவ்வொன்றாய்த் தட்டினேன், ஒன்பது, ஒன்பது,
விரல் வலிக்கும்வரை, பிறகும்.

அறிக்கையில் அடிக்குறிப்பாக மூன்று வரி,
கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில்.
சலீம் தேநீர் வைத்துவிட்டுப் போனார்,
சர்க்கரை கூடுதல்.
வருகிற மாதம் எனக்கு ஐம்பது.
பகுதியிலிருந்து நானும் இறங்குகிறேன்;
என் பங்குக்கு விகிதம் இம்மியளவு ஏறும்.