மனேச்சரின் மீன்

லீசிங் கொம்பனி மனேச்சர்
பதுளைக்கு மாற்றலாகிப் போகையில்
தொட்டியையும் அதற்குள் ஒரு ஆஸ்காரையும்
பரந்தனில் என் போன் திருத்தும் கடையில் விட்டுப் போனார்.
"மாட்டிறைச்சி மட்டும் போடுங்கோ தங்கச்சி,
வேறொண்டும் தொடாது."
தவணை பிந்தினவர்களை அவர் பார்க்கும் பார்வை
அப்படியே மீனுக்கும்.

நான் வெள்ளி விரதக்காரி.
கிழமைக்கொருதரம் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறி
வாங்கி வந்த இறைச்சியை
ஐஸ்கிறீம் கடை யூட் அண்ணனின் பிறீசரில்
வனிலாவுக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

மூன்றாம் மாதம்
அதன் கண்ணுக்கு மேலே
ஊசி குத்தின மாதிரி ஒரு துளை.
பிறகு இரண்டு.
தண்ணீர் மாற்றிப் பார்த்தேன்,
உப்புப் போட்டுப் பார்த்தேன்.
வயிறு மட்டும் புடைத்தபடி.

பருப்பும் மாவும் சீனியும்
மாவும் சீனியும் பருப்பும்
ஒரு வருடம் வரிசையில் நின்று வாங்கினவள் நான்.
வயிறு நிறையத்தான் படுத்தேன்.
கடைவாய் வெடித்தது.
பொழுதுபட்டால் கண் மங்கி
கூடாரக் கயிறுகளில் தடக்கி விழுந்தேன்.
நிறைந்த வயிற்றோடும் உடம்பு பட்டினி கிடக்கும்.
சொல்ல வாயில்லாமல்
தோலில் எழுதும்.

இறைச்சியை நிறுத்தினேன்.
முல்லைத்தீவிலிருந்து வரும் பெனடிக்ற்றிடம்
சின்ன றால், கோதோடு.
மழை விட்ட காலையில் வாய்க்கால் கரை மண்புழு.
பத்து வெட்டுக்கிளிக்கு ஒரு ஸ்கிறீன் ஸ்டிக்கர்,
பொடியளோடு பேசின விலை;
மருந்தடிச்ச வயலோ என்று கேட்டுத்தான் எடுப்பேன்.
கொழும்பு உருண்டைத் தீனை
முதல் ஒன்பது நாள் துப்பியது.
பத்தாம் நாளும் துப்பியது,
பிறகு தானே தேடித் தின்றது.

ஊன்தின்னிக்குக் கீரை?
காட்டாற்றில் அது விழுங்கும் சின்ன மீனின் குடலில்
பாசி இருக்குமாம்.
அவ்வளவுதான் அதற்கு மரக்கறி.
ஆகையால் போத்தலில் விட்ட உயிர்றாலுக்கு
முதல்நாள் இரவு
அவித்த பொன்னாங்காணி போடுகிறேன்.
விடிய, முதுகில் பச்சைக் கோடு தெரிய நீந்தும்.
நாளைக்குச் சாகிறதுக்கு இன்றைக்கு நல்ல சாப்பாடு.
யோசித்தால் கை நின்றுவிடும்.
யோசிக்காமல் போடுகிறேன்.

ஒரு துளை தூர்ந்துவிட்டது.
மற்றது வடுவாகவே நிற்கும் போல.

நேற்று மனேச்சர் போன் எடுத்தார்.
"இறைச்சி வடிவாச் சாப்பிடுதோ?"
"ஓம், சாப்பிடுது" என்றேன்.

நேற்று வெள்ளி.
ஊன்தின்னிக்குக் கிழமையில் ஒருநாள் வெறுவயிறு நல்லதாம்,
அதனால் கடையில் இரண்டு பேருக்கும் விரதம்.
நான் தேத்தண்ணியோடு இருக்க
அது கண்ணாடியில் மூக்கை முட்டி முட்டித்
தவணை கேட்டது.